சின்ன மனை, பெரிய பூங்கா: உப்புவெளிக் காணியில் யாருக்கு என்ன கிடைக்கிறது?

உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காக ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் 4 ஏக்கர் காணியை 60 மனைகளாகப் பிரித்து விற்கிறார்கள். மனை ஒன்று 7.5 பேர்ச்சஸ் (ஏறத்தாழ 190 சதுர மீற்றர்). நடுவில் 52 பேர்ச்சஸ் பூங்கா. மிச்சம் வீதிகள். “வழமையாக 10 பேர்ச்சஸ் தரவேண்டிய இடத்தில், பூங்கா தருகிறோம் என்பதால் விதியைத் தளர்த்தி எங்களுக்கு விசேட அனுமதி தந்திருக்கிறார்கள்” என்று விற்பவர் சொல்கிறார். இதை நம்பலாமா, முற்பணம் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் “பூங்காவை நாளைக்கு விற்கமாட்டார்கள் என்று என்ன நிச்சயம்?” என்றும் எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணுக்கு அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி. உங்கள் வளவில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து ஒரு பொது வெளியில் பங்கு வாங்குகிறீர்கள். விட்டுக்கொடுத்தது திரும்பி வராது. வாங்கியது நிலைக்குமா?

நான் நகரத் திட்டமிடல் படித்தவன். கிழக்கில் காணியைத் துண்டுகளாகப் பிரிக்கும் உபபிரிவு விண்ணப்பங்களையும் வரைபடங்களையும் நீண்ட காலம் பார்த்து வேலை செய்தவன். சட்டத்தரணி அல்ல. உங்கள் காணியின் உறுதியையோ (உரிமைப் பத்திரத்தையோ) அனுமதிக் கடிதத்தையோ நான் பார்க்கவில்லை. அதனால் கீழே எழுதுவதில் கணக்கும் திட்டமிடலும் உறுதியாகச் சொல்பவை. இந்தக் குறிப்பிட்ட காணிக்கு எந்த நிபந்தனை போட்டார்கள் என்பது கடிதத்தைப் படித்தால் மட்டுமே தெரியும்.

முதலில் அந்த “விசேட அனுமதி”. நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் 1978இல் வந்தது. அதன் கீழ் 1986 மார்ச் 10 வர்த்தமானியில் வெளியான திட்டமிடல், கட்டட ஒழுங்குவிதிகளில் குடியிருப்பு மனையின் ஆகக்குறைந்த பரப்பு 150 சதுர மீற்றர், ஆகக்குறைந்த அகலம் 6 மீற்றர். ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர் என்பதால் 150 சதுர மீற்றர் கிட்டத்தட்ட 6 பேர்ச்சஸ். ஆகவே 7.5 பேர்ச்சஸ் மனைக்குப் பொதுவாக எந்தத் தளர்வும் தேவைப்படாது. அது சாதாரண விதிக்குள்ளேயே அடங்குகிறது. 10 பேர்ச்சஸ் என்பது எங்கள் சனங்களின் வழக்கம், சட்டத்தின் கட்டாயம் அல்ல. அந்த வலயத்துக்கென்று தனியாகக் கூடிய பரப்பு நிர்ணயித்திருந்தால் மட்டும் கதை வேறு. அப்படியிருந்தால் தளர்வு கொடுத்த கடிதமும் அதில் காரணமும் நிபந்தனையும் எழுத்தில் இருக்கும். அதைக் கேளுங்கள். 2021 ஜூலை 8இல் புதிய திட்டமிடல், அபிவிருத்தி ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்துவிட்டன. விண்ணப்பம் போட்ட திகதியைப் பொறுத்து எந்த விதித்தொகுதியின் கீழ் அனுமதி கொடுத்தார்கள் என்பதும் அந்தக் கடிதத்தில் இருக்கும்.

அடுத்தது பூங்கா. அதே 1986 விதிகளில், உபபிரிவு செய்யும் காணி 1 ஹெக்டேயருக்கு மேற்பட்டால் வீதிகள் போக மிச்சத்தில் ஆகக்குறைந்தது 10 சதவீதத்தைச் சமூக, பொழுதுபோக்குத் தேவைகளுக்கும் திறந்த வெளிக்கும் ஒதுக்கவேண்டும் என்று இருந்தது. 1 ஹெக்டேயர் என்பது 2.47 ஏக்கர், ஏறத்தாழ 395 பேர்ச்சஸ். உங்கள் காணி 4 ஏக்கர், அதாவது 640 பேர்ச்சஸ். நீங்கள் தந்த எண்களைக் கூட்டிப் பார்த்தேன்: 60 மனைகளுக்கு 450, பூங்காவுக்கு 52, ஆகவே வீதிக்கு 138. வீதியைக் கழித்தால் 502. அதில் 10 சதவீதம் 50.2. கொடுப்பது 52. உங்களுக்கு விளம்பரப்படுத்தும் “பெரிய பூங்கா”, விதி கேட்கும் அளவைவிட இரண்டு பேர்ச்சஸ் கூட இல்லை. 10 பேர்ச்சஸ் மனைகளாகப் பிரித்திருந்தாலும் அதே பூங்காவைக் கொடுத்தேயாக வேண்டியிருந்திருக்கும். அப்போது 450 பேர்ச்சஸில் 45 மனைகள் வந்திருக்கும். இப்போது 60. அந்த 15 மனைகள்தான் இந்தத் “தளர்வின்” பலன், அது முழுக்க விற்பவருக்குப் போகிறது.

இதைச் சொல்வதால் விற்பவரைக் கள்ளன் என்று சொல்லவில்லை. சின்ன மனை குறைந்த விலைக்கு வரும். 10 பேர்ச்சஸ் வாங்க முடியாத இளம் குடும்பம் ஏழரை வாங்கி வீடு கட்டலாம். அது நல்ல விஷயம், அதற்கு நான் எப்போதும் ஆதரவு. நீங்கள் கொடுக்கும் விலை 7.5 பேர்ச்சஸுக்கான விலையா, அல்லது பூங்காவைக் காட்டி ஏற்றிய விலையா என்பதைப் பாருங்கள். பக்கத்தில் பூங்கா இல்லாத காணிகளில் பேர்ச் என்ன விலை போகிறது என்று விசாரித்தால் ஒரு மத்தியானத்தில் தெரிந்துவிடும்.

சரி, உண்மையான “சின்ன மனை, பெரிய வெளி” முறை எப்படி இருக்கும்? அமெரிக்காவில் இதைத் திட்டமிட்ட குடியிருப்பு அபிவிருத்தி என்ற பெயரில் பல நகரங்களின் விதிகளிலேயே சேர்த்திருக்கிறார்கள். வழமையான வலய விதி ஒவ்வொரு மனைக்கும் இத்தனை அடி அகலம், இத்தனை அடி பின்வெளி என்று தனித்தனியாக அளக்கும். திட்டமிட்ட அபிவிருத்தியில் முழுக் காணியையும் ஒன்றாக எடுத்து அளப்பார்கள். மொத்த வீடுகளின் எண்ணிக்கை இவ்வளவுதான் என்று முதலில் பூட்டுவார்கள். அதற்குப் பிறகு வீடுகளை நெருக்கி வைக்கலாம், மனையைச் சிறிதாக்கலாம், வீதியை வளைக்கலாம். நெருக்கியதால் மிஞ்சிய நிலம் அவ்வளவும் பொது வெளிக்குப் போகவேண்டும். எண்ணிக்கையைப் பூட்டுவதுதான் இந்த முறையின் உயிர். அது இல்லாவிட்டால் மனை சிறிதாவதன் இலாபம் விற்பனைக்குத்தான் போகும்.

உங்கள் 4 ஏக்கரிலேயே இதைப் போட்டுப் பார்ப்போம். 10 பேர்ச்சஸ் கணக்கில் 45 வீடுகள். அந்த 45ஐ மாற்றாமல் மனையை மட்டும் 7.5 ஆக்கினால் மனைகளுக்கு 337.5 பேர்ச்சஸ் போதும். மிஞ்சுவது 112.5. கட்டாயப் பூங்கா 52ஐயும் சேர்த்தால் 164.5 பேர்ச்சஸ், அதாவது ஒரு ஏக்கருக்கும் கொஞ்சம் மேலே. மொத்தக் காணியில் நாலில் ஒரு பங்கு. ஒவ்வொரு குடும்பமும் தன் வளவில் 2.5 பேர்ச்சஸை, ஏறத்தாழ 63 சதுர மீற்றரை, விட்டுக்கொடுத்து ஒரு ஏக்கர் மைதானத்தைப் பொதுவாகப் பெறுகிறது. பெடியள் பந்து அடிக்க, முதியவர்கள் பின்னேரம் நடக்க, ஒரு கலியாணம் செத்தவீடு என்றால் பந்தல் போட அது காணும். விட்டுக்கொடுப்புக்கு ஈடாக ஒன்று கையில் வருகிறது.

அமெரிக்காவிலும் எல்லாம் சரியாக நடக்கவில்லை. ஆனால் நன்றாக நடந்ததற்கு ஒரு பழைய உதாரணம் நியூ ஜேர்சியில் உள்ள ராட்பேர்ண். 1929இல் சனம் குடிவந்த அந்தக் குடியிருப்பில் வீடுகளின் முன்பக்கம் பொதுப் பூங்காவைப் பார்த்திருக்கும். வாகனங்கள் பின்பக்க முட்டுச்சந்துகளால் வரும். பொருளாதார மந்தம் வந்து திட்டம் பாதியில் நின்றது. ஆனாலும் கட்டிய பகுதியின் 23 ஏக்கர் உட்பூங்காக்கள் இன்றும் இருக்கின்றன. காரணம் வரைபடத்தின் அழகு மட்டும் அல்ல. முதல் நாளிலேயே வீட்டு உறுதிகளில் நிபந்தனை எழுதி, குடியிருப்பாளர் சங்கம் ஒன்றை அமைத்து, வீட்டுக்கு வீடு ஆண்டுக் கட்டணம் கட்டவேண்டும் என்று கட்டுப்படுத்தினார்கள். புல் வெட்டுவதற்கும் விளக்குப் போடுவதற்கும் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு வீடு விற்பதற்கு முன்பே பதில் இருந்தது.

எங்கள் நாட்டிலும் வளைந்துகொடுத்த விதிக்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1980களில் மில்லியன் வீடமைப்புத் திட்டம் நடந்தபோது கொழும்பின் சேரிப் பகுதிகளை விசேட திட்டப் பகுதிகளாக எடுத்து, 6 பேர்ச்சஸ் விதியைத் தளர்த்தி, 2 பேர்ச்சஸ் மனைகளைக்கூட அனுமதித்தார்கள். அந்தத் தளர்வின் நோக்கம் வெளிப்படையாக இருந்தது: அங்கேயே இருக்கும் குடும்பங்களை அங்கேயே நிலைப்படுத்துவது. எந்த இடத்தில் பாதை, எவ்வளவு அகலம், எது பொது இடம் என்பதைக் குடியிருப்பாளர்களே கூடிப் பேசி எழுதிக்கொண்டார்கள். விதியைத் தளர்த்துவதை நான் வெறுப்பவன் அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். தளர்வின் நன்மை யாருக்கு என்று எழுத்தில் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். பூங்கா நாளைக்கு விற்கப்படாதா? இதற்குப் பதில் மூன்று தாள்களில் இருக்கிறது; விளம்பரத் துண்டில் இல்லை. 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காணியில் உரிமை தரும் எந்த எழுத்தும் நொத்தாரிசு முன்னிலையில் கையெழுத்தாக வேண்டும். விற்பனை முகவர் வாயால் சொன்னதும் வண்ணப் படத்தில் பச்சையாக அடித்ததும் காணி உரிமை ஆகாது. முதல் தாள், நில அளவையாளரின் உபபிரிவு வரைபடம். அதில் அந்த 52 பேர்ச்சஸ் தனித் துண்டாக இலக்கம் இட்டு, “திறந்த வெளிக்காக ஒதுக்கப்பட்டது” என்ற கருத்தில் எழுதப்பட்டு, உள்ளூராட்சி சபையின் அனுமதி முத்திரையுடன் இருக்கவேண்டும். வெறும் துண்டு இலக்கம் மட்டும் இருந்து நோக்கம் எழுதாமல் விட்டிருந்தால் அது நாளைய 61ஆவது மனை என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது தாள், அந்தத் துண்டைச் சபைக்கு அல்லது வேறொரு பொது அமைப்புக்கு எழுதிக்கொடுத்த உறுதி. மூன்றாவது, உங்கள் சொந்த உறுதி. வீதியைப் பயன்படுத்தும் உரிமையை அட்டவணையில் எழுதுவார்களே, அதேபோல இன்ன இலக்கத் துண்டைத் திறந்த வெளியாகப் பயன்படுத்தும் உரிமையையும் எழுதச் சொல்லுங்கள். நொத்தாரிசுக்கு இது புதிதாக இருந்தாலும் எழுத முடியாதது அல்ல. இந்த எழுத்து நீதிமன்றத்தில் எவ்வளவு தூரம் தாங்கும் என்பது வாசகத்தைப் பொறுத்தது. அதைக் காணி வழக்குப் பழகிய ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள், விற்பவருடைய சட்டத்தரணியிடம் அல்ல.

இரண்டாவது தாளைப் பற்றி இன்னும் கொஞ்சம். பூங்காத் துண்டு எழுதிக்கொடுக்கப்படாமல் விற்பவரின் பெயரிலேயே கிடந்தால் இரண்டு ஆபத்துகள். ஒன்று, எல்லா மனையும் விற்றுமுடிந்து நிறுவனம் ஊரைவிட்டுப் போன பிறகு, அவரோ அவர் பிள்ளைகளோ அதை விற்க வருவது. மற்றது, பக்கத்து வேலி நகர்வது. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் கீழ், தனியார் காணியை ஒருவர் இடையூறின்றி, உரிமையாளருக்கு எதிராகப் பத்து ஆண்டுகள் ஆண்டால் அவர் உரிமை கோரலாம். யாரும் கவனிக்காத வெறுங்காணியில் முதலில் ஒரு ஆட்டுக்கொட்டில் வரும், பிறகு தகரவேலி, பிறகு மின்சாரக் கட்டணச் சிட்டை. போர்க்காலத்திலும் அதற்குப் பிறகும் எங்கள் மாவட்டத்தில் ஆளில்லாமல் கிடந்த காணிகளால் எத்தனை குடும்பங்கள் நீதிமன்ற வாசலில் நின்றன என்பதைத் திருகோணமலைக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சபைக்கு எழுதிக்கொடுத்துவிட்டால் பூரண பாதுகாப்பா என்று கேட்டால், பெரும்பாலும் ஆம், ஆனால் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்ற அளவுக்கு அல்ல. கொழும்பு காலிமுகத் திடலில் 1859இல் ஆளுநர் ஹென்றி வார்ட் நட்ட கல், கொழும்பின் பெண்கள், சிறுவர்களின் நலனுக்காக இந்த உலாவிடத்தைத் தனக்குப் பின் வருபவர்கள் பேணவேண்டும் என்று சொல்கிறது. அந்தக் கல் நின்றுகொண்டிருக்கும்போதே 2000களின் தொடக்கத்தில் திடலைத் தனியார் நிறுவனம் ஒன்றின் கையில் கொடுக்க ஏற்பாடு நடந்தது. ஒரு சூழல் அமைப்பு வழக்குப் போட்டு, 2005இல் இலங்கையின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. 2008இல் வோட்டர்ஸ் எட்ஜ் வழக்கிலும், பொதுத் தேவைக்கென்று சுவீகரித்த பத்தரமுல்லைக் காணியைத் தனியார் கோல்ப் மைதானத்துக்குக் கொடுத்தது தவறு என்று அதே நீதிமன்றம் தீர்த்தது. இந்தியாவில் 1991இல், பெங்களூரில் பூங்காவுக்கென்று விட்ட மனையைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை உச்ச நீதிமன்றம் ரத்துச் செய்தது. வழக்குப் போட்டவர்கள் அந்தப் பகுதியில் குடியிருந்தவர்கள். சட்டம் பொது வெளியின் பக்கம் நிற்கும் என்பதற்கு இவை போதும். ஆனால் மூன்று வழக்கிலும் யாரோ ஒருவர் எழுந்து வழக்காட வேண்டியிருந்தது. எந்த நோக்கத்துக்காகக் கொடுக்கப்பட்டது என்ற எழுத்து இருந்தால்தான் அப்படி எழுந்து நிற்க ஒரு தரை கிடைக்கும்.

தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு: உங்களுடைய முறையில் 3,000 சதுர மீற்றருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் சாலை போக 10 சதவீதம் திறந்தவெளி ஒதுக்கீடு, அதை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக்கொடுப்பது என்ற நடைமுறை இருக்கிறது. 10,000 சதுர மீற்றருக்குள் இருந்தால் நிலத்துக்குப் பதில் பணம் கட்டவும் வழியுண்டு. பணம் கட்டும் வழி எனக்குப் பிடித்தமானது அல்ல. அந்தப் பணத்தில் வேறெங்கோ ஒரு பூங்கா வரலாம், அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு வராது.

உங்கள் உப்புவெளிக் காணியில் இன்னொன்றைக் கவனியுங்கள். அந்த 4 ஏக்கர் ஒரே மூல உறுதியில் இருந்து, அனுமதிக்கு மட்டும் இரண்டு ஏக்கர் இரண்டு ஏக்கராக இரண்டு கட்டமாகப் போட்டிருக்கிறார்களா? அப்படிப் போட்டால் ஒவ்வொரு கட்டமும் 1 ஹெக்டேயருக்குள் வந்துவிடும். பூங்கா சட்டத்தால் கட்டாயப்படுத்தப்பட்டதா, விருப்பத்தால் விட்டதா என்பதே மாறிவிடும். காணிப் பதிவகத்தில் அந்தக் காணியின் பதிவுப் பக்கமான மடலைப் புரட்டினால் இது தெரியும்.

சட்டத்தை விட்டுவிட்டு மண்ணுக்கு வருவோம். எனக்கு இதுதான் கூடிய கவலை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மணல் தரை. மாரி மழையில் மணலுக்குள் இறங்கும் நல்ல தண்ணீர், கீழேயுள்ள உப்புத் தண்ணீருக்கு மேல் ஒரு மெல்லிய அடுக்காக மிதக்கிறது. இந்த அடுக்கில்தான் எங்கள் கிணறுகள் இருக்கின்றன. அதே மணலுக்குள்தான் வீட்டுக்கு வீடு மலசலகூடக் குழியும் இறங்குகிறது. குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் வழமையாகக் கேட்கப்படும் தூரம் 15 முதல் 18 மீற்றர். 7.5 பேர்ச்சஸ் மனை என்பது 190 சதுர மீற்றர், சும்மா 10 மீற்றர் அகலம், 19 மீற்றர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வீட்டுக்காரரும் குழியை வீதிப் பக்கமும் கிணற்றைப் பின்பக்கமும் வைத்தால் அந்தத் தூரத்தை ஒருவாறு இழுத்துப் பிடிக்கலாம். 60 பேர் வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு மேசன்மாரை வைத்து, வெவ்வேறு வாஸ்து பார்த்துக் கட்டும்போது அது நடக்காது. ஒருவருடைய குழி இன்னொருவருடைய கிணற்றுக்குப் பக்கத்தில் வந்தே தீரும். அதோடு 60 மோட்டார் ஒரே மெல்லிய அடுக்கில் இறைத்தால், கச்சான் காற்று வீசும் ஆடி ஆவணியில் தண்ணீர் உவர்க்கத் தொடங்கும்.

ஆகவே சின்ன மனைத் திட்டத்தில் குழாய்த் தண்ணீர் இணைப்பு இருக்கிறதா என்பது பூங்காவைவிட முதல் கேள்வி. இல்லையென்றால், பொதுக் கிணறு ஒன்று எல்லாக் குழிகளுக்கும் தூரமாகப் பொது வெளிக்குள் வரவேண்டும். பொது வெளி இருப்பதன் பெரிய பயன்களில் இது ஒன்று, ஆனால் எந்த விளம்பரத்திலும் இதைப் போட்டு நான் பார்த்ததில்லை. தனித்தனி மனையில் முடியாததை நடுவில் விட்ட நிலம் முடித்துத் தரும்.

மழை வெள்ளமும் அப்படித்தான். எங்களுக்கு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரை வாடைக் காலத்தில் வந்து கொட்டுகிறது. ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் பெய்யும் நாட்களும் உண்டு. 60 வீடுகளுக்குத் தலா 100 சதுர மீற்றர் கூரை என்றால் அந்த ஒரு நாளில் கூரைகளிலிருந்து மட்டும் 6 இலட்சம் லீற்றர் இறங்கும். பூங்காவின் 52 பேர்ச்சஸ் என்பது 1,315 சதுர மீற்றர். அதை வீதி மட்டத்திலிருந்து ஒரு அடி தாழ்வாக விட்டால் கிட்டத்தட்ட 4 இலட்சம் லீற்றரைப் பிடித்து மணலுக்குள் இறக்கும். நடைமுறையில் நடப்பது இதற்கு நேர்மாறு: கிரவல் கொட்டிப் பூங்காவை உயர்த்தி, சுற்றிவரக் கல்லுப் பதித்து, தண்ணீரை வீடுகளின் பக்கம் திருப்பிவிடுகிறார்கள். காணியைப் பார்க்கப் போகும்போது பூங்கா என்று காட்டும் இடத்தில் நின்று மட்டத்தைப் பாருங்கள். அது பள்ளமாக இருந்தால் விற்க முடியாத தாழ்நிலத்தைப் பூங்கா ஆக்கியிருக்கிறார்கள் என்று சிலர் குறை சொல்வார்கள். மணலாக இருந்து, பெய்த தண்ணீர் இரண்டொரு நாளில் வற்றுமென்றால் நான் அதைக் குறையாக எடுக்கமாட்டேன். வாரக்கணக்கில் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும். அது மைதானத்துக்கு உதவாது. மாரியில் அந்த இடம் எப்படி இருக்கும் என்று பக்கத்து வளவில் வயதானவர்களைக் கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள்.

காணி கடலுக்கு எவ்வளவு கிட்ட என்று நீங்கள் எழுதவில்லை. உயர்நீர் எல்லையிலிருந்து தரைப் பக்கம் 300 மீற்றருக்குள் இருந்தால் 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டத்தின் கீழ் அது கரையோர வலயம். அங்கே அபிவிருத்தி செய்யக் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் பட்டது போதும். அந்த அனுமதி இல்லாத மனையைத் தொடவேண்டாம்.

பூங்கா எங்கே இருக்கிறது என்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். வீடுகளின் வாசல் பார்க்கும் இடத்தில் பூங்கா இருந்தால் யாராவது பார்த்துக்கொண்டே இருப்பார்கள், பிள்ளைகள் விளையாடுவார்கள். எல்லா வீட்டுப் பின்மதிலும் பார்க்கும் இடத்தில் வைத்தால், எங்கள் ஊரில் ஆறடி மதில் கட்டாத வீடு அரிது என்பதால், அது ஒரு வருடத்துக்குள் குப்பை போடும் இடமாகிவிடும். மூலையில் முக்கோணமாக மிஞ்சிய துண்டை, மின்மாற்றிக்குக் கீழே உள்ள இடத்தை, கால்வாய் ஒதுக்கை எல்லாம் சேர்த்து 52 பேர்ச்சஸ் என்று கூட்டியிருந்தால் அது பூங்கா அல்ல; ஒரே துண்டாக, விளையாடக்கூடிய சதுரமாக இருக்கிறதா பாருங்கள். வேம்பும் பூவரசும் முதலாம் வருடமே நட்டால்தான் ஐந்தாறு வருடத்தில் நிழல் வரும். ஊஞ்சலும் சறுக்கலும் பிறகு வாங்கலாம். திருகோணமலை நகரத்துக்குள் திரியும் மான்கள் குப்பையோடு பொலித்தீனைத் தின்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதனால் குப்பைத் தொட்டிக்கு மூடியும் பூங்காவுக்கு வேலியும் இருப்பது நல்லது.

பராமரிப்புக்கு யார் பொறுப்பு என்ற இடத்தில்தான் எங்கள் சட்டத்தில் ஒரு இடைவெளி இருக்கிறது. மாடிக் குடியிருப்பு என்றால் 1973ஆம் ஆண்டின் மாடிவீட்டு உடைமைச் சட்டம் பொதுப் பகுதிகளைக் கவனிக்க ஒரு முகாமைக் கூட்டுத்தாபனத்தை உருவாக்குகிறது. வீட்டுக்காரர் எல்லோரும் அதில் உறுப்பினர். தரையில் மனை மனையாகப் பிரித்து விற்கும் காணிக்கு அப்படித் தானாக எதுவும் உருவாவதில்லை. நீங்களே சங்கம் வைக்கவேண்டும். என் சொந்த அபிப்பிராயம்: நிலத்தின் உரிமை சபையின் பெயரில், அன்றாடப் பராமரிப்பு குடியிருப்பாளர் சங்கத்தின் கையில், இரண்டுக்கும் நடுவில் ஒரு எழுத்து ஒப்பந்தம். சபையிடம் மட்டும் விட்டால் புல் வெட்ட ஆள் வராது. சங்கத்தின் பெயரில் மட்டும் விட்டால் நாலு பேர் சண்டை பிடித்ததும் காணி தொங்கும். இதை ஏற்காத சக திட்டமிடலாளர்களும் இருக்கிறார்கள். சபையின் பெயருக்குப் போனால் அரசியல் மாறும்போது அங்கே ஒரு கட்டடம் எழும்பும் என்பது அவர்கள் பயம், அந்தப் பயத்துக்கும் நியாயம் உண்டு. இன்னொன்றையும் முதலிலேயே எழுதி வைத்துவிடுங்கள்: பொது வெளியில் எந்தச் சமயத்தவரும் நிரந்தரக் கட்டுமானம் எழுப்புவதில்லை என்று. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த வீட்டில் இருக்கப்போகும் ஊரில், முதல் குடும்பம் வருமுன் இதை எழுதுவது சுலபம். ஐந்து வருடம் கழித்து எழுத முடியாது.

எங்கள் ஆட்கள் வளவை விட்டுக்கொடுக்க ஏன் தயங்குகிறார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். சொந்தக் கிணறு, ஒரு முருங்கை, இரண்டு தென்னை, பிள்ளைக்குச் சீதனமாக ஒரு துண்டு பிரித்துக்கொடுக்க இடம், இவைதான் வளவு. 7.5 பேர்ச்சஸில் வீடு மூன்றில் இரண்டு பங்கு வரை நிலத்தை மூடினால் மிச்சம் ஏறத்தாழ 63 சதுர மீற்றர். பிள்ளைக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. ஏழரையை இரண்டாக்கினால் ஒவ்வொன்றும் 6 பேர்ச்சஸுக்குள் விழுந்துவிடும். இரண்டு பிள்ளைகளுக்கும் காணி விடவேண்டும் என்பது உங்கள் எண்ணமானால், பூங்கா எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்த மனை உங்களுக்குப் பொருந்தாது.

முற்பணம் விஷயம். அனுமதி பெற்ற உபபிரிவு வரைபடத்தின் பிரதியையும் அனுமதிக் கடிதத்தையும் முதலில் வாங்குங்கள். “இன்னும் வரவில்லை, வந்துவிடும்” என்றால் வந்த பிறகு கொடுங்கள். நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்த இடத்தில் அனுமதியில்லாமல் உபபிரிவு செய்யக்கூடாது. அனுமதியில்லாத துண்டை வாங்கியவருக்குப் பிறகு வீட்டுத் திட்டம் பாஸ் பண்ணுவதிலும் வங்கிக் கடன் எடுப்பதிலும் இடறும். வரைபடத்தைச் சபைக்கு எடுத்துக்கொண்டு போய் அவர்களுடைய கோப்பில் உள்ளதும் இதுவும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள், துண்டு இலக்கங்கள் உட்பட. பூங்காத் துண்டின் உறுதி எழுதியாகிவிட்டதா என்று காணிப் பதிவகத்தில் தேடுங்கள். இன்னும் எழுதவில்லையென்றால், உங்கள் விற்பனை ஒப்பந்தத்தில், மிச்சப் பணம் கொடுக்கும் நாளுக்கு முன் அதை எழுதிப் பதிவதாக ஒரு நிபந்தனை சேர்க்கச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து கேட்டால் விற்பவர் இறங்கி வருவார். தனி ஆளாகக் கேட்டால் வேறு ஆளுக்கு விற்பார். வாங்க விரும்பும் மற்றவர்களின் தொடர்பை இப்போதே தேடிப் பிடியுங்கள்.

தாள்கள் எல்லாம் சரியாக இருந்து, குழாய்த் தண்ணீரும் இருந்து, விலையும் பக்கத்துக் காணிகளோடு ஒத்திருந்தால் வாங்குங்கள், நல்ல இடம். அப்படியென்றால் பூங்காவை முன்பக்கம் பார்க்கும் மனைகளில் ஒன்றைக் கேளுங்கள்.